வெள்ளைப் பைன் காய்க்கும் தெரு

ஒன்டாரியோவின் சின்னமான வெள்ளைப் பைன் எந்தத் தெருவில் கூம்புக் காய் பிடிக்கிறதோ, அந்தத் தெருவுக்கு மட்டுமே குழாய்த் தண்ணீர் என்பது சட்டம். மற்றத் தெருக்காரர் எல்லாரும் வடக்கே போய்விட்டார்கள்.

சுகிர்தமலரின் வாசலில் நின்றதுதான் ஸ்காபரோவின் கடைசிப் பைன். கூம்பு எண்ணும் பரிசோதகர் வருகிற அன்று காலை அவள் கணவர் தவராசா, வடக்கில் பொறுக்கிவந்த கூம்புகளை அதன் கொப்புகளில் கம்பியால் கட்டினார். அவள் ஏணியில் ஏறி அத்தனையையும் அறுத்து எறிந்தாள்.

"உமக்கு விசரே? தண்ணிய வெட்டிப்போடுவாங்கள்," என்று கத்தினார் தவராசா.

"கட்டின கூம்பு முளைக்குமோ?"

பரிசோதகன் நிரோஜன் வந்ததும் உச்சிக் கொப்பைக் காட்டினாள். பூசணிப்பூவுக்குச் செய்வதுபோல, வடக்கு மரமொன்றின் மகரந்தத்தை வசந்தத்தில் அவளே தூரிகையால் தொட்டுவைத்திருந்தாள். நகமளவில் ஒரு பச்சைக் கூம்பு பிடித்திருந்தது.

"அன்ரி, இது முத்த அடுத்த கோடையும் முடியவேணும். முத்தினதைத்தான் கணக்கில எடுப்பினம்," என்றபடி அவன் தெருக்குழாயைப் பூட்டினான்.

தவராசா பெட்டி அடுக்கத் தொடங்கினார். சுகிர்தமலர் குளியல் தொட்டியில் பிடித்துவைத்திருந்த தண்ணீரை வாளியில் மொண்டுவந்து பைனின் அடியில் ஊற்றினாள்.

"நீங்கள் போங்கோ," என்றாள். "முத்தினாப்பிறகு வாங்கோ. குழாயைத் திறக்க அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."