வென்றவர் மறுபடி பாட வேண்டும்

கேமரா அருகில் வந்தபோது அவள் சிரித்தாள்.

வாயைத் திறக்காமல் சிரித்தாள்.

நாக்கடியில் உப்புக் கரித்தது. ஸ்டாக்ஹோம் பாடகர்கள் தொண்டைக்கு இதமாக அடக்கிக்கொள்ளும் கறுப்பு மிட்டாய் அப்படித்தான் கரிக்கும்.

ஆனால் இன்று அவள் மிட்டாய் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

கைக்குட்டையை உதட்டில் ஒற்றினாள். பார்க்காமலே மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் ஏழு பாட்டுக்கு ஏழு சோபா. ஒவ்வொரு சோபாவின் முன்னும் ஒரு ஜாடி, அதில் மஞ்சள் துலிப் பூக்கள். பாடி முடித்தவர்கள் இங்கே உட்கார்ந்து புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டும். வெளியே பனி. வருடாந்தரப் பாட்டுப் போட்டி, நாடே டிவி முன்னால்.

அவள் பாடி முடித்து அரைமணி ஆகிறது.

மூன்றே நிமிடப் பாட்டுதான். கடைசிப் பல்லவியில் சுருதி ஒரு படி மேலே ஏறும். இந்தப் போட்டியில் ஏறாத பாட்டு ஏது? ஜனங்கள் அந்த இடத்துக்குத்தானே காத்துக் கிடக்கிறார்கள்.

அவளும் ஏறினாள். உச்சியைத் தொட்டாள்.

தொட்ட நொடியில் தொண்டைக்குள் ஏதோ விட்டுப்போனது. ஈரத்துணி கிழிகிற மாதிரி. வலிக்கக்கூட இல்லை. கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. நல்லவேளை, பாட்டும் அதோடு முடிந்தது.

படி இறங்கும்போது மைக் வாங்கிய ஆளுக்கு நன்றி சொல்லப் பார்த்தாள்.

காற்றுதான் வந்தது.

போன மாதமே டாக்டர் சொல்லியிருந்தார். தொண்டை இன்னும் ஒரு முறை தாங்கும். ரத்தம் கசிந்தால் அதற்குமேல் ஒரு வரிகூடப் பாடக் கூடாது. மீறினால் குரல் திரும்பி வராது.

இது அவளுக்கு ஆறாவது போட்டி.

பதினேழு வயதில் கடைசி இடம். இருபத்திரண்டில் இரண்டாமிடம், ஒரே ஒரு புள்ளியில். அப்புறம் மூன்று தடவை, யார் நினைவிலும் தங்காத இடங்கள். இப்போது நாற்பத்தொன்று.

ஐந்து தடவையும் இந்த சோபாவில் உட்கார்ந்து ஒரே வேண்டுதல்தான். நான், நான், நான்.

இன்று, நான் வேண்டாம்.

ஏனென்றால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. வென்றவர் கோப்பையோடு மேடையேறி, அதே பாட்டை, அப்போதே மறுபடி பாட வேண்டும்.

பக்கத்தில் அன்னெலி ஏலக்காய் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். இன்று அவளுக்குப் பின்பாட்டுக்காரி. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஒற்றைப் புள்ளியில் வென்றவள் இவள்தான். இரண்டே வருடத்தில் ஊர் அவளை மறந்தது. இப்போது கறுப்பு உடை போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கு மூன்றடி பின்னால் இருட்டில் நின்று பாடுகிறாள்.

"இன்னிக்காவது என்னைப் பழி வாங்கு," என்றாள் அன்னெலி. "ஜெயிச்சவ பின்னாடி நின்னுதான் எனக்குப் பழக்கம். வெளிச்சத்துல நிக்கிறதெல்லாம் உன்னோட தலைவலி. எனக்கு இப்ப முட்டி நடுங்கும்."

அவள் கைக்குட்டையைக் கைக்குள் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னடி உம்முன்னு இருக்க? திட்டவாவது திட்டு."

அவள் உள்ளங்கையை விரித்தாள்.

அன்னெலி கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். நடுவில் சிவப்புக் கறை. மறுபடி மடித்தாள். பன்னைத் தட்டில் வைத்துவிட்டாள்.

அதன்பிறகு இருவரும் புள்ளிகள் ஓடும் திரையை மட்டும் பார்த்தார்கள்.

நீலச் சட்டைக்காரன் ஒருவன் புள்ளியில் முன்னால் இருந்தான். அவனுக்கு இது முதல் போட்டி. கண்ணை இறுக மூடியிருந்தான். ஜெயித்துவிடு தம்பி, ஜெயித்துவிடு. எந்தப் பாடகி இப்படி எதிராளிக்காக வேண்டியிருப்பாள்?

நடுவர்கள் அவனுக்குத்தான் நிறையக் கொடுத்தார்கள். அவளுக்கு மூச்சு வந்தது.

கடைசியில் மக்கள் வாக்கு.

அவள் பெயருக்கு நேராக எண் ஏறியது. ஏறியது. நிற்கவே இல்லை.

நின்றபோது அவள் முதலிடத்தில் இருந்தாள்.

ஒரே ஒரு புள்ளியில்.

யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். தலைமேல் பொன்காகிதம் கொட்டியது. கையில் கோப்பை. கண்ணாடி, சில்லென்று. எப்போது மேடைக்கு வந்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

தொகுப்பாளர் மைக்கை நீட்டினார். அவள் நெஞ்சில் கைவைத்துத் தலையை ஆட்டினாள். கண்ணீர் வழிந்தது.

"பேச்சே வரல பாருங்க, பாவம்!" என்றார் அவர்.

அரங்கம் வாஞ்சையோடு சிரித்தது.

மைக்கை அவள் கையில் வைத்துவிட்டு அவர் ஒதுங்கினார். விளக்குகள் அணைந்தன. ஒரே ஒரு வெளிச்சம் மட்டும் மிச்சம். தரையில் வெள்ளை நாடா ஒட்டிய இடத்தில், அவள்மேல்.

முன்னிசை தொடங்கியது. பதினாறு எண்ணிக்கை. அப்புறம் முதல் வரி.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். வாயைத் திறக்காமலே இறக்கினாள்.

பத்து எண்ணிக்கை மிச்சம் இருந்தது.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். திரும்பினாள். மூன்றடி நடந்தாள். இருட்டில் அன்னெலியின் நாடாமேல் அன்னெலி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் மைக்கை அன்னெலியின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். குளிர்ந்த விரல்கள்.

"வேண்டாம்," என்றாள் அன்னெலி. "ஏய், வேண்டாம்."

அவள் அந்த நாடாமேல் ஏறி நின்றுகொண்டாள். அன்னெலிக்கு நிற்க இடமில்லை.

முன்னால் வெள்ளை நாடா தனியாக வெளிச்சத்தில் கிடந்தது.

அவள் அன்னெலியின் முதுகில் கைவைத்தாள். தள்ளவில்லை. வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

நான்கு.

மூன்று.