இரண்டு அங்குலம்

மாலை வெயில் வண்டியின் அடிவயிறு வரை சாய்ந்து நுழைந்திருக்கிறது. வாசலில் முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்திய அந்தப் பெரிய கறுப்புக் காருக்கு அடியில் கணவரின் இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. கழற்றிய பழைய ஸ்பிரிங்குகள் நான்கும் சுவரோரம் துருவேறி நிற்கின்றன. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நான்கு மாதமாக இந்த வண்டியில் ஏற முடியாத மனைவி, கைத்தடியை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறாள். எதிர்வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டுகிறார். "எல்லாரும் வண்டிய உசத்துறாங்க, நீங்க என்ன சார் இறக்குறீங்க?" "ஏறுறதுக்கு ஆள் வேணாமா?" என்கிறது அடியிலிருந்து வரும் குரல்.

சக்கரங்களை மாட்டி நட்டுகளை இறுக்கியாயிற்று. ஜாக்கி இறங்க இறங்க, குட்டையான புது ஸ்பிரிங்குகளின் மேல் வண்டி முனகிக்கொண்டே தாழ்ந்து அமர்கிறது. அவள் கால் எட்டும் உயரத்துக்குச் சமையலறைக் கதவில் பென்சில் கோடு போட்டு வைத்தவர், வண்டிப் படியை டேப்பால் அளக்கிறார். அதே உயரம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைச் சட்டை நுனியால் துடைத்து, கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறார். அவள் எழுந்து, தடியை ஊன்றி, அந்தக் கதவைத் தாண்டி, முன்பக்கமாக வண்டியைச் சுற்றிப் போகிறாள். ஒரு காலை உள்ளே வைத்து, உட்கார்ந்து, மறு காலைக் கையால் தூக்கி எடுத்துக்கொள்கிறாள். அவர் உயரத்துக்கு இருந்த கண்ணாடியைத் தன் பக்கம் திருப்புகிறாள்.

"என்ன பாத்துட்டே நிக்கிறீங்க? சாவியக் குடுங்க. கையத் தொடச்சுட்டு ஏறுங்க, என் வண்டியில கிரீஸ் ஒட்டக் கூடாது."