பிடியின் பலம்

"இன்னும் அழுத்துங்கண்ணா," என்றாள் பிசியோதெரபிஸ்ட் நிவேதா.

ரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினான். கைப்பிடி பலத்தை அளக்கும் கருவி இந்த வாரமும் ஐந்து கிலோதான் காட்டியது.

"எலும்பு கூடிடுச்சே, பலம் ஏன் ஏறல?"

"இன்னாம்மா பண்றது," என்றான் ரங்கன் சோகமாக. அவன் மணிக்கட்டு முறிந்ததிலிருந்து ஏரிக்குப் போய் நண்டு பிடிப்பதும் அவன் மனைவி ஜமுனாதான், வந்து அவனுக்குச் சோறு ஊட்டுவதும் ஜமுனாதான்.

அப்போது பக்கத்தில் நின்ற ஜமுனாவின் கூடையிலிருந்து ஒரு நண்டு இறங்கி நிவேதாவின் காலை நோக்கி ஓடியது. பாய்ந்துபோன ரங்கன், முறிந்த அதே கையால் அதன் கொடுக்குகளை மடக்கி இறுக்கினான்.

நிவேதா கருவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"கட்டிப்போட்ட நண்டு, எப்படி அவுந்துச்சோ," என்று அசடு வழிந்தான் ரங்கன்.

அந்த நண்டைக் கட்டியிருந்த கயிற்றை ஜமுனா தன் இடுப்புச் செருகலிலிருந்து எடுத்து நீட்டினாள். "இந்தா, நீயே கட்டு. நாளைக்கு ஏரிக்கும் நீயே போ."