ஓப்பலைக் கழிக்கும் தீர்மானம்

"இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும்!"

வேதாகமத்தின் மீது கைவைத்துச் சொல்லியிருப்பேன். போன வருஷம் அதைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆகவே தபால் பெட்டியின் மீது கைவைத்துச் சொல்கிறேன். நெப்ராஸ்காவில் எங்கள் லார்க் ஃபோர்க்கில் நடந்தது இது. நானும் அங்கே இருந்தேன்.

"பிரஷ்ஷை எடுய்யா!" என்றார் ஊர்க் கூட்டத்தில் மேயர்.

"குளிர்ல பெயிண்ட் பிடிக்காது, மேயரே," என்றார் ரோட்டு மேஸ்திரி.

"ஜூலை மாசம்யா இது!"

"அப்படின்னா வெயில்ல உரிஞ்சிடும்."

எங்கள் ஊரில் பதவியில் இருப்பவரைப் பதவியைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். பெயர் சொன்னால் மரியாதை குறைந்துவிடும்.

பிரச்சினை ஊர் எல்லையில் நிற்கும் பச்சைப் பலகை. ஊர்ப் பெயரும் அதன் கீழே மக்கள்தொகையும் அதில் இருக்கும். புதிதாகக் குடிவருபவர் ஏணியில் ஏறித் தம் கையாலேயே புது எண்ணை எழுத வேண்டும். யாராவது இறந்துபோனால், அடக்கம் முடிந்த அன்றே ரோட்டு மேஸ்திரி ஒன்றைக் குறைத்து எழுத வேண்டும். அன்று காலைதான் ஓப்பலை அடக்கம் செய்திருந்தார்கள்.

நீராவி ரயில் தண்ணீர் குடிக்க நின்ற காலத்தில் அந்தப் பலகையில் மூன்று இலக்கம் இருந்தது. டீசல் ரயிலுக்குத் தாகம் எடுக்கவில்லை. முதலில் வங்கி போயிற்று. பிறகு பள்ளிக்கூடம். பிறகு முடிதிருத்துபவர், அவர் போன பின் ஊரே கொஞ்ச காலம் செம்மறியாடு மாதிரித் திரிந்தது. கடைசியில் பாதிரியாரும் போனார். அவர் மீது தப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்தைக் காற்று பாதியில் பிடுங்கிக்கொண்டு போய், பக்கத்து ஊரில் மூன்று குடிகாரர்கள் திருந்திவிட்டார்கள். எங்கள் குடிகாரர்கள் அப்படியே இருந்தார்கள்.

எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் வந்து சேர்ந்தவள் ஓப்பல், வெண்டலின் மனைவியாக. கல்யாண கவுனோடு ஏணியில் ஏறி எண்ணை மாற்றினாள். ஒரு சொட்டு பெயிண்ட் பாதிரியாரின் வழுக்கையில் விழுந்தது. "ஞானஸ்நானம் ஆச்சு, போங்க," என்று சிரித்தாள்.

அவளைத்தான் இப்போது கழிக்க வேண்டும்.

"சட்டம்னா சட்டம்," என்றார் மேயர். "என் சொந்தப் பொண்டாட்டியா இருந்தாலும் இதையேதான் சொல்வேன்."

"சொல்வீங்க, சொல்வீங்க. அப்புறம் வீட்டுக்குப் போய் அழுவீங்க," என்றார் ரோட்டு மேஸ்திரி. "எனக்கு மூட்டு வலி. ஏணி ஏற முடியாது."

மேயரால் அதற்கு மேல் அதட்ட முடியவில்லை. அவருக்கும் மூட்டு வலி உண்டு.

ஊர்ச் செயலாளர் தொண்டையைச் செருமினார். "ஒரு விதி இருக்கு, மேயரே. வெளியூர் போனவங்க திரும்பி வர்ற எண்ணத்தோட போயிருந்தா, அவங்களைக் கழிக்கக் கூடாது. ஹாஃப்மன் வீட்டுப் பையன் கப்பற்படைக்குப் போனப்போ கழிச்சோமா?"

"அவன் கப்பல்ல போனான். ஓப்பல் பெட்டியில போயிருக்கா!"

"ஏறிப் போனது எதுவா இருந்தா என்ன? எண்ணம்தான் கணக்கு. வெண்டலையே கேளுங்க."

வெண்டல் ஜன்னலோரம் அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். தொப்பி முழங்கால் மீது இருந்தது.

"வெண்டல்," என்றார் மேயர், குரலைத் தணித்து. "ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்போ அவ ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா."

"என்ன சொன்னா?"

"அடுப்புல செர்ரிப் பழ பை வேகுது, கருக விட்டுடாத, வந்துடறேன்னா."

எங்கள் ஊரில் காற்று நின்றது அன்று ஒருமுறைதான்.

"வந்துடறேன்னா?" என்றார் செயலாளர். "நல்லா ஞாபகம் இருக்கா? போறேன்னு சொல்லலையே?"

"வந்துடறேன்னுதான் சொன்னா. சொன்ன சொல்லு அவ என்னிக்கும் மாறினதில்லை."

"அந்த பை?" என்றார் ரோட்டு மேஸ்திரி.

வெண்டல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கருகிடுச்சு. ஆனா முழுசையும் சாப்பிட்டுட்டேன்."

மேயர் மூக்கைச் சிந்தினார். செயலாளரும் சிந்தினார். ரோட்டு மேஸ்திரி பெயிண்ட் டப்பாவின் மூடியை வைத்து, செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்து இறுக்கினார்.

"திரும்பி வர்ற எண்ணம் இருந்திருக்கு," என்று எழுந்து நின்று சொன்னார் மேயர். "அதனால ஓப்பல் வெளியூர் போயிருக்கா. வர்ற வரைக்கும் அவ இந்த ஊர்க்காரிதான். எண்ணைத் தொடக் கூடாது. யாருக்காவது மறுப்பு இருக்கா?"

யாருக்கும் இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பலகையில் இன்றைக்கும் 2 என்றுதான் இருக்கிறது. அன்று அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தது, மூன்று பதவியையும் சேர்த்துப் பார்க்கும் வெண்டலாகிய நான் ஒருவன்தான்.