மாமியார் வைத்த காங்கோ குழம்பு

குன்னூர் வீட்டுச் சமையலறையில் காங்கோ நாட்டு பீன்ஸ் குழம்பு கொதித்தது. இலை முன் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தான்.

"என்ன நாத்தம் இது, எலி செத்த மாதிரி!" என்று மனைவி வர்ஷாவிடம் கிசுகிசுத்தான்.

"மூஞ்சியைச் சுளிக்காதீங்க. கல்யாணமாகி ரெண்டு வருசமாப் பேசாத அம்மா, இன்னைக்குத்தான் விருந்துக்கே கூப்பிட்டிருக்காங்க."

மாமியார் ஜானகியம்மாள் ஒரு கரண்டி ஊற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். சிரித்துச் சமாளித்தான்.

"நல்லா இருக்குதுங்களா மாப்ள? போன்ல பாத்துத்தான் வெச்சேன். பெருங்காயம் மட்டும் நானா ஒரு கட்டி முழுசாப் போட்டேனுங்க. உங்க காங்கோவுல உங்கம்மா இப்படி வெச்சிருக்காங்களா?"

"சத்தியமா இல்லீங்க அத்தை," என்றான் முலும்பா.

பூரித்துப்போன ஜானகியம்மாள் அடுத்த கரண்டியை ஊற்றினாள்.