வில்மாரின் ஐந்து நிமிடம்

வில்மாரின் வாயை அடைக்கத்தான் அந்தச் செயலியைப் போட்டோம். கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம். தாண்டினால் மைக் தானாக அணைந்துவிடும். போன கூட்டத்தில் வில்மாரின் மைக் அணைந்ததும் எல்லாரும் கைதட்டினோம்.

உருகுவேயின் மான்டேவீடியோவில் நாங்கள் இருபது குடும்பம் சேர்ந்து வீடு கட்டுகிறோம். செங்கல் சுமப்பதும் நாங்களே. வாரம் இருபத்தோரு மணி நேரம் உழைக்காத குடும்பத்துக்கு வீடு கிடையாது. ஞாயிறு காலைக் கூட்டம் மட்டும் போனில், வீடியோவில்.

இந்த ஞாயிறு எல்பியாவை நீக்க ஓட்டெடுப்பு. ஐந்து வாரமாக அவள் வீட்டிலிருந்து யாரும் வேலைக்கு வரவில்லை. காரணத்தை அவரவர் வாயால்தான் சொல்லவேண்டும், எழுதிக் கொடுத்தால் செல்லாது. எல்பியாவுக்கோ திக்குவாய். போன கூட்டத்தில் அவள் விஷயத்துக்கு வருவதற்குள் மைக் அணைந்துவிட்டது. விதி எல்லாருக்கும் ஒன்றுதானே என்று நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

வில்மார் சுடச்சுட மாத்தே டீயை உறிஞ்சியபடி உம்மென்று இருந்தார்.

"என்னண்ணே, மாத்தே நாக்கைச் சுட்டுடுச்சா?" நெலி சீண்டினாள்.

அவர் இன்னொரு வாய் உறிஞ்சினார்.

"கோவம்டி. நாமதான் வாயைக் கட்டிட்டோமே!" என்றேன். எனக்கு உள்ளூரக் குஷி.

எல்பியா தொடங்கினாள். "நா... நான் வே... வேணும்னு..."

ஐந்து நிமிடம் தாண்டியது. மைக் அணையவில்லை. செயலி கெட்டுவிட்டதோ?

ஒன்பதாவது நிமிடத்தில் சொல்லி முடித்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போய் ஐந்து வாரம். வேலைக்கு வந்துகொண்டிருந்தவன் அவன்தான். கட்டுமிடத்தில் வாசல் காவல் வேலை கொடுத்தால் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்து அவளே பார்த்துக்கொள்வாளாம்.

"கொடுத்துருவோம்!" நெலிதான் முதலில் கத்தினாள். எல்லாக் கையும் உயர்ந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தோமே!

பிறகு செயலியைப் பார்த்தேன். அது கெடவில்லை. 'வில்மார்: பேசியது 0. எல்பியாவுக்குக் கொடுத்தது 5.' நேரத்தை அடுத்தவருக்குக் கொடுக்க அதில் ஒரு பொத்தான் உண்டு. நாங்கள் யாரும் தொட்டதில்லை.

வில்மாருக்குப் போன் போட்டேன். "ஏன்ணே, அவளுக்கு அஞ்சு நிமிஷம் பத்தாதுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"போன கூட்டத்துல அதைச் சொல்லத்தான் வந்தேன், மிர்த்தா. வழக்கம்போல ஊரைச் சுத்திட்டு விஷயத்துக்கு வர்றதுக்குள்ள எல்லாரும் கைதட்டிட்டீங்க."