மாடியில் ஒரு பிரிண்டர்

“ஒண்ணுமே வரலயாம்!” மாடியிலிருந்து இறங்கி வந்த கோவிந்தம்மா கையை விரித்தாள்.

அவள் கணவர் எத்திராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரோடாவது மனம் கோணிவிட்டால், அப்புறம் அந்த ஆளோடு நேருக்கு நேர் பேசமாட்டார். நடுவில் ஒருவர் போய் வந்துகொண்டிருக்க வேண்டும். இப்போது கோணல், மாடியில் குடியிருக்கும் தம்பி லட்சுமணனோடு. ஒரு விருந்தில், பத்துப் பேர் முன்னிலையில் அவனை ‘ஓசிச் சோறு’ என்று சொல்லிவிட்டார். அன்றோடு அவன் கீழே சாப்பிட வருவதை நிறுத்திக்கொண்டான். விடிந்தால் மீஞ்சூருக்குக் குடிபோகிறான், வண்டியும் பேசியாயிற்று.

பிரிண்டர் அவனுடையது. கீழே இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து படிக்கட்டு ஓரமாக ஓர் ஒயர் மாடிக்குப் போகிறது. இங்கே அழுத்தினால் அங்கே அச்சாக வேண்டும், இன்று ஆகவில்லை. அதற்காகவே ராயபுரத்திலிருந்து நண்பர் சௌக்கத் அலியை எத்திராஜ் வரவழைத்திருந்தார்.

“பிரிண்டரோட நம்பரு மாறிக்கீது மாமு. அதான் பேஜாரு,” என்று சௌக்கத் அலி எதையோ தட்டித் திருத்தினார். “இப்ப அனுப்பு.”

எத்திராஜ் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு அழுத்தினார்.

“முடிஞ்சிச்சுன்னு காட்டுது! கோவிந்தம்மா, ஓடிப் போய்க் கேளு.”

“தம்பி வூட்டக் காலி பண்றாரேன்னு கவல இல்ல, பிரிண்டரு போவுதேன்னு துடிக்கிறியே! நீயெல்லாம் ஒரு மன்சனாய்யா?”

“விடியறதுக்குள்ள அந்தப் பேப்பரு வந்தாவணும். போ.”

அவள் போனாள். தூது விட்ட பறவைக்காக வானத்தைப் பார்க்கும் அரசனைப் போல எத்திராஜ் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரலயாம்.”

“மேல கொர்ருனு சத்தம் கேட்டுச்சே?”

“பீரோவ நவுத்துறாராம்.”

எத்திராஜ் மறுபடி அழுத்தினார். மறுபடியும் கோவிந்தம்மா ஏறி இறங்கினாள். சௌக்கத் அலி ஒயரை ஆட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். எத்தனை முறை அனுப்பினாலும் ‘முடிந்தது’ என்றது திரை. ‘வரவில்லை’ என்றது மாடி.

“நானே மேல போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்,” என்றார் சௌக்கத் அலி.

“நீ போவாத. அவளே போவட்டும்.”

“அப்டி இன்னா பேப்பரு நைனா அது? குடு, நம்ம ஏரியா கடையில அச்சடிச்சுத் தர்றேன்.”

“இந்தப் பிரிண்டர்லதான் வரணும்.”

“நல்ல பிடிவாதம்பா!” சௌக்கத் அலி தலையில் அடித்துக்கொண்டார். எத்திராஜ் இன்னொரு முறை அழுத்தினார்.

அப்போது படிக்கட்டில் காலடி கேட்டது. இறங்கி வந்தவன் லட்சுமணன். கையில் ஒரு கட்டுத் தாள். அதைக் கோவிந்தம்மாவிடம் நீட்டினான். அவள் புரட்டப் புரட்ட, தாளுக்குத் தாள் பெரிய எழுத்தில் ஒரே வரி: ‘லட்சுமணா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிரு. போவாதடா.’

எத்திராஜ் எழுந்து தம்பியின் கையைப் பற்றிக்கொண்டார். “அப்போ... வந்துச்சா?”

“இவரு ரிப்பேர் பண்ண ஒடனே வந்துருச்சுண்ணே,” என்றான் லட்சுமணன், கண்ணைத் துடைத்தபடி. “வரல வரலன்னு சொன்னா நீ திருப்பித் திருப்பி மன்னிப்புக் கேட்டுகினே இருந்த. நல்லாருந்துச்சு, அதான் உட்டுட்டேன். அண்ணி, சோத்தப் போடு!”